பழைய மாருதி 800: இன்ஜின் நடுங்கினாலும் தட்டினாலும் எங்கிருந்து பார்ப்பது

எங்கள் வீட்டு மாருதி 800, 1997 மாடல், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய அமைப்பு) வண்டி. அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். சேலத்தில் இருப்பதால் அடிக்கடி ஏற்காடு ஏறி இறங்கும். இத்தனை வருடத்தில் இன்ஜின் நடுக்கம் மட்டுமே ஆறேழு தடவை வந்திருக்கிறது. முதல் தடவை ஒரு ஒர்க்ஷாப்பில் "இன்ஜினை இறக்கியே ஆகணும்" என்றார்கள், இறக்கவும் செய்தார்கள். ரிங் மாற்றி, பேரிங் மாற்றி வண்டி வீட்டுக்கு வந்தது. அதே நடுக்கம். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் ரப்பர் ஒன்று கிழிந்துபோனதுதான் காரணம் என்று பிறகு வேறொரு மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். அப்பாவின் முகம் அன்றைக்கு வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் எதைப் பார்த்தேன், எது காரணமாக இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வர ஆரம்பித்தேன். கீழே இருப்பது அந்த நோட்டிலிருந்து எடுத்தது. ஆம்னி, பழைய ஆல்டோ, ஜென் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எதையும் கழற்றுவதற்கு முன்

முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ரேஸ் கொடுத்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே நடுக்கமோ சத்தமோ வந்தால் இன்ஜின் பக்கம் தேடலாம். ஓடும்போது மட்டும் வந்தால், ஆளில்லாத நேர் ரோட்டில் அது வரும் வேகத்துக்குப் போய், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றிச் சற்று உருளவிடுங்கள். இன்ஜின் ஆஃப் ஆகக் கூடாது. இன்ஜின் வேகம் இறங்கிய பிறகும் அதிர்வு அப்படியே இருந்தால் அது சக்கரம், டயர், ஆக்ஸில் சமாச்சாரம்.

அப்புறம், குளிர்ந்த இன்ஜினில் வருகிறதா, சூடான பிறகு வருகிறதா, ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் அழுத்தும்போது மட்டும் வருகிறதா என்று இரண்டு நாள் கவனித்து எழுதுங்கள். மெக்கானிக்கிடம் "ஏதோ சத்தம் வருது" என்று சொல்வதற்கும் "காலையில் முதல் 3 நிமிடம் மட்டும் டிக்டிக்" என்று சொல்வதற்கும் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. இந்த 796 சிசி இன்ஜினுக்கு மூன்றே சிலிண்டர். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது, கொஞ்சம் நடுங்குவது அதன் இயல்பு. நான்கு சிலிண்டர் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு நல்ல இன்ஜின்கூடக் கெட்டதாகத் தோன்றும். நேற்றுவரை தெளிவாக இருந்த ரியர்வியூ கண்ணாடியில் இன்று பின்வண்டி மங்கலாக ஆடித் தெரிகிறதா? அப்படியென்றால் பார்க்க வேண்டியதுதான்.

பானெட்டைத் திறந்து ஓடும் இன்ஜின் அருகே குனியும்போது வேட்டி, துண்டு, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது. ஃபேன் பெல்ட் இழுத்துவிடும்.

அறிகுறி: சிக்னலில் நின்றால் நடுக்கம், நகர்ந்தால் சரியாகிவிடுகிறது

சத்தம் சீராக இருந்து, ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் மட்டும் நடுங்கினால் இந்தப் பகுதி. நடுக்கத்தோடு சத்தமும் தாளம் தப்பினால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

முதலில் ஐடிலிங். சூடான இன்ஜினில் கார்புரேட்டரில் உள்ள ஸ்லோ ஸ்க்ரூவைக் கொஞ்சம் முறுக்கி வேகத்தை லேசாகக் கூட்டிப் பாருங்கள். நடுக்கம் போய்விட்டால் செலவே இல்லை. ஏசி போட்டால் மட்டும் நடுங்கினால், ஏசிக்காக ஐடிலிங்கைத் தூக்கிக் கொடுக்கும் அமைப்பு வேலை செய்யவில்லை. எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வண்டியில், இந்த ஸ்க்ரூ வேலை கிடையாது. த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் கிளீன் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது மவுண்டிங். என் நோட்டில் அதிக தடவை எழுதியிருப்பது இதைத்தான். ரப்பர் கிழிந்திருக்கலாம், ஆயில் பட்டு ஊறிப்போயிருக்கலாம், வயதாகிக் கல்லாக இறுகியிருக்கலாம். இறுகிய ரப்பர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், நடுக்கத்தை அப்படியே பாடிக்குக் கடத்திவிடும். சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு முதல் கியரில் கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை மட்டும் மெதுவாக விட வேண்டும், அப்புறம் ரிவர்சில் அதேபோல. மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்கலாம். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது. இன்ஜின் லேசாகச் சாய்ந்து திரும்புவது சரி. எம்பிக் குதித்தாலோ, "டொக்" என்று இரும்பில் இரும்பு பட்டாலோ மவுண்டிங் போய்விட்டது. சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய பழைய மவுண்டிங் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். அந்த ரப்பருக்கும் உங்கள் வண்டியின் வயதுதான் இருக்கும். ஒன்று போயிருந்தால் மற்றவற்றையும் சேர்த்து மாற்றுவது நல்லது. புது ரப்பர் ஒன்று, பழையது இரண்டு என்றால் சுமை முழுக்கப் புதியதன் மேல் விழும்.

மவுண்டிங்கோடு சைலன்சரையும் பாருங்கள். தொங்கவிடும் ரப்பர் வளையம் அறுந்து, குழாய் தரைத்தகட்டில் உரசிக்கொண்டிருந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இன்ஜினே நடுங்குவது போலத் தோன்றும்.

அறிகுறி: தாளம் தப்பி உதறுகிறது, பிக்கப் இல்லை

இதைத்தான் "மிஸ்ஸிங்" என்பார்கள். மூன்றில் ஒரு சிலிண்டர் தூங்கினாலே பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், வண்டி முழுக்க உதறும்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. ஓடும் இன்ஜினில் பிளக் வயரைக் கையால் இழுக்காதீர்கள். ஷாக் கடுமையாக இருக்கும், எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் வயர் சும்மா தொங்கினால் அந்தச் சாமானே கெட்டுப்போகலாம். இன்ஜினை ஆஃப் செய்து, ஒரு வயரைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அந்தப் பிளக்கின் இரும்புப் பகுதி இன்ஜின் உலோகத்தில் படும்படி வைத்துக் கட்டுங்கள். அருகில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. ஸ்டார்ட் செய்து சில விநாடி மட்டும் கேளுங்கள். நடுக்கம் இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் ஆள் கிடைத்துவிட்டது. எம்பிஎஃப்ஐ என்றால் வயருக்குப் பதில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கலாம்.

அந்தச் சிலிண்டரின் பிளக்கை எடுத்து மற்ற இரண்டோடு வரிசையாக வைத்துப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் என்றால் நலம். கரி போல் கறுத்துக் காய்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம்: சோக் முழுதாகத் திறக்கவில்லை, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஈரமாக, ஆயில் பிசுக்காக இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல். வெள்ளையாக வெந்தது போலிருந்தால் கலவை இளைத்துவிட்டது (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு), அல்லது இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

இப்போது மலிவானதிலிருந்து தொடங்கலாம். பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக்தான். போகவில்லையென்றால் பிளக் வயர். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓடும் இன்ஜினைப் பார்த்தால் கசியும் வயரில் நீலப்பொறி ஓடுவது தெரியும். அடுத்து, ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப். உள்ளே மயிரிழை போல் கறுப்புக் கோடு இருந்தால் மின்சாரம் அந்த வழியாகத் தப்பிக்கிறது என்று அர்த்தம், கேப்பை மாற்றுங்கள். மழைக்காலத்துக் காலையில் மட்டும் மிஸ்ஸிங் வந்தால் கேப்பைக் கழற்றிக் காய்ந்த துணியால் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். பழைய பாயிண்ட் வைத்த வண்டியில் பாயிண்டும் கண்டென்சரும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மின்சாரப் பக்கம் எல்லாம் சரி என்றால் காற்றுக்கசிவு. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட், வேக்குவம் டியூப் ஒவ்வொன்றின் முனை. இங்கே சோப்புத் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளியுங்கள். எந்த இடத்தில் தெளித்தபோது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. சிலர் பெட்ரோலையோ கிளீனர் ஸ்பிரேயையோ தெளித்துப் பார்ப்பார்கள். சூடான இன்ஜினில் தீப்பிடிக்கும், வேண்டாம்.

இதற்கு மேல் மெக்கானிக் வேலை. கம்ப்ரஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மற்றவற்றைவிட 1 கிலோவுக்கு மேல் குறைந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கணும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் போயிருக்கலாம். மூன்றிலும் ஒரேபோலக் குறைந்து, பெல்ட் வேலைக்குப் பிறகுதான் பலம் போனது என்றால் டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த அளவுகளைக் காட்டாமல் "ஹெட்டை இறக்கணும்" என்று யாராவது சொன்னால், அளந்து காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

அறிகுறி: ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் அழுத்தினால் கிணுகிணுவென்று சத்தம்

டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போல இருக்கும். ஏற்காடு ஏற்றத்தின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும், வளைவு முடிந்து மூன்றாவது கியரிலேயே இழுக்கப் பார்க்கும்போது இதைக் கேட்டிருக்கிறேன். காலை எடுத்தால் உடனே நின்றுவிடும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கியரைக் குறைத்து, காலைத் தளர்த்துங்கள். இந்தச் சத்தத்தோடு தொடர்ந்து இழுத்தால் பிஸ்டன் தலையும் ஹெட் கேஸ்கெட்டும் சேதமாகும். இரண்டாவது கியரில் வரவே இல்லையென்றால், பல நேரம் வண்டியில் பழுதே இல்லை. கியர் மாற்றும் பழக்கத்தைத் திருத்தினால் போதும்.

சரியான கியரிலும் வந்தால் பெட்ரோலிலிருந்து தொடங்குங்கள். டேங்க் காலியாகும் நேரம் பார்த்து, கூட்டம் உள்ள வேறொரு பங்கில் 95 ஆக்டேன் (இந்தச் சத்தத்தைத் தடுக்கும் திறனின் அளவு) பிரீமியம் பெட்ரோல் 5 லிட்டர் போட்டு அதே ஏற்றத்தில் ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் இன்ஜினுக்குள் உடைந்தது எதுவுமில்லை. பெட்ரோல், டைமிங், கரி இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலால் ஆக்டேன் குறைவதில்லை, கூடத்தான் செய்யும். ஆனால் கார்புரேட்டர் தானாக அளவை மாற்றிக்கொள்ளத் தெரியாத சாமான், அதனால் கலவை இளைக்கும். பழைய ரப்பர் டியூபும் ஊறிப்போகும். எங்கள் வண்டியில் எத்தனாலைத் தாங்கும் டியூப் போட்டு, கலவையையும் மறுபடி செட் செய்த பிறகு நல்ல வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம். "பிக்கப் வேணும்" என்று கேட்டால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிவிடுவது ஒரு பழக்கம். தட்டையான ரோட்டில் வண்டி பாயும், ஏற்றத்தில் கிணுகிணுக்கும். காதால் கேட்டு வைக்காமல், டைமிங் லைட் அடித்து மேனுவலில் உள்ள அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிளக் நம்பரும் மேனுவல்படி இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் இருந்ததைப் போட்டுக்கொண்டு வந்திருப்போம்.

இன்ஜின் சூடு அடுத்தது. எங்கள் பக்கத்தில் போர் தண்ணீர் உப்பு. ரேடியேட்டரில் அதையே ஊற்றி வந்தால் உள்ளே சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். கூலன்ட்டும் சுத்தமான தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். "சூடு ஏறாது" என்று சொல்லி, இன்ஜின் சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அதற்குச் சம்மதிக்க வேண்டாம். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடி உள்ளே கரி சேரும், அந்தக் கரியே பிறகு இந்தச் சத்தத்துக்குக் காரணமாகும்.

எல்லாம் பார்த்தும் போகவில்லையென்றால் பிஸ்டன் தலையில் கரி. தெருமுனைக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டுமே போகும் வண்டியில் இது அதிகம். ஹெட்டைத் திறந்து சுரண்டும் வேலை என்பதால் கடைசியில் வைத்திருக்கிறேன்.

அறிகுறி: சாவியைத் திருப்பி ஆஃப் செய்த பிறகும் துடிக்கிறது

கார்புரேட்டர் வண்டியில் மட்டும் வருவது. ஐடிலிங் அதிகமாக வைத்திருப்பது, சூடு, கரி, தப்பான பிளக். மேலே சொன்ன அதே ஆட்கள்தான். ஸ்லோ ஜெட்டை மூடும் சொலினாய்டு உங்கள் கார்புரேட்டரில் இருந்தால், சாவி போடும்போது அது "டிக்" என்கிறதா என்று கேளுங்கள். அதுவரை கியரில் வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஆஃப் செய்ததும் கிளட்சை விட்டால் அடங்கிவிடும்.

அறிகுறி: காலையில் டிக்டிக், சூடானால் குறைகிறது

பயப்பட வேண்டிய சத்தமில்லை. முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவு பாருங்கள், சமமான தரையில், இன்ஜின் ஆஃப் செய்து சில நிமிடம் கழித்து.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்டால் இடம் தெரியும். வால்வு கவர் மேல் பலமாகக் கேட்டால் டேப்பட் (வால்வை அழுத்தித் திறக்கும் பகுதி) இடைவெளி. ஃபீலர் கேஜ் வைத்து அட்ஜஸ்ட் செய்வது ஒரு மணி நேர வேலை. சத்தமே வரக்கூடாது என்று இறுக்கி வைக்கச் சொல்லாதீர்கள். இறுகிய டேப்பட்டில் வால்வு சரியாக மூடாமல் கருகும். கொஞ்சம் டிக்டிக் இருப்பது நல்லதுதான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் கேட்டால் கேஸ்கெட் கசிவு, அங்கே கரிக்கோடு படிந்திருக்கும். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பும் டிக்டிக் என்று அடிக்கும். அதைத் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

சத்தம் டிக்டிக்காக இல்லாமல், கீழே சிலிண்டர் பகுதியில் மொத்தையாக "டப்டப்" என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் பிஸ்டன் தேய்ந்து ஆடுகிறது. ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம். ஆயில் குடித்து நீலப்புகை வந்தால் அப்போது போரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது) பற்றி யோசிக்கலாம்.

அறிகுறி: குறிப்பிட்ட வேகத்தில் மட்டும், அல்லது கிளட்ச் விடும்போது மட்டும்

60, 70ல் தொடங்கி 80ல் அடங்கும் அதிர்வு வீல் பேலன்சிங். டயரைக் கையால் தடவி, வீக்கம் இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், ஹைவேயில் வெடிக்கும். ஆக்சிலேட்டர் அழுத்தும்போது மட்டும் அதிர்ந்து, திருப்பத்தில் "கடகட" என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். முதல் கியரில் கிளட்ச் விடும்போது மட்டும் குலுங்கினால், கிளட்ச் செட்டுக்குக் காசு கொடுக்கும் முன் மேலே சொன்ன மவுண்டிங் சோதனையைச் செய்யுங்கள்.

அறிகுறி: அடியிலிருந்து கனமான தட்டல், ரேஸ் கொடுத்தால் கூடுகிறது

சுத்தியலால் மரத்தில் தட்டுவது போல "டொக் டொக்". கூடவே சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, சூடான பிறகு ஐடிலிங்கில் மினுக்கினாலோ, அந்த இடத்திலேயே இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். "பக்கத்துலதான் வீடு" என்று ஓட்டி வந்து இன்ஜினைத் தொலைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. கட்டி இழுத்து வாருங்கள். பேரிங் மட்டும் தேய்ந்திருக்கும்போது பிடித்தால் செலவு ஓரளவோடு நிற்கும். விட்டால் கிராங்க் கீறும், அதற்கும் மேல் போனால் கனெக்டிங் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

விளக்கு எரியவில்லை, ஆயிலும் இருக்கிறது என்றால் இன்ஜினை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிக் குளிர்ந்த இன்ஜினை அரை நிமிடம் ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர் அல்லது வாட்டர் பம்ப் பேரிங். அடுத்து கிராங்க் புல்லி போல்ட். அது தளர்ந்திருந்தால் ராடு பேரிங் அடிப்பது போலவே சத்தம் வரும். நல்ல மெக்கானிக்கையே ஏமாற்றும் சத்தம் அது.

இரண்டும் இல்லையென்றால் மெக்கானிக்கை வரவழையுங்கள். மிஸ்ஸிங்கில் சொன்னபடி ஒவ்வொரு சிலிண்டராக ஸ்பார்க்கை நிறுத்தும்போது ஒன்றில் மட்டும் தட்டல் குறைந்தால், அந்தச் சிலிண்டரின் ராடு பேரிங். எதிலும் மாறாமல், அடியில் நடுவிலிருந்து, சுமையில் மட்டும் மொத்தையாக வந்தால் மெயின் பேரிங். ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் ஒட்டாத பளபளப்புத் தூள் இருந்தால் பேரிங் கரைகிறது. கெட்டியான ஆயிலோ பாட்டில் மருந்தோ ஊற்றினால் சத்தம் சில நாள் அடங்கும், தேய்மானம் நிற்காது. பழைய வண்டி வாங்கப் போகும்போதும் இதை மனதில் வையுங்கள். விற்பவர் இன்ஜினை முன்பே சூடாக்கி வைத்திருந்தால் அடுத்த நாள் காலை, குளிர்ந்த இன்ஜினில் வந்து கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.

இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும் என்றானால் ஆயில் சம்ப்பை மட்டும் முதலில் திறந்து பேரிங்கை உங்கள் கண்ணால் பாருங்கள். கிராங்க்கை லேத்துக்கு அனுப்பினால் மைக்ரோமீட்டரில் அளந்து, 0.25 மி.மீ. அண்டர்சைஸா (கடைந்து குறைத்த அளவு) 0.50 மி.மீ. அண்டர்சைஸா என்று எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி ஆர்சியோடு வையுங்கள். அடுத்த தடவை பேரிங் வாங்கப் போகும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அந்த அளவைத்தான்.